மூன்றாவது குரூப்பில் என்ன இருக்கிறது? செஞ்சி மாணவர்களுக்கான சமூக அறிவியல் வழிகள்

2025 ஜூலை 11 அன்று பாரீஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியர் காலத்து 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகத் தன் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. ஊரே கொண்டாடியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஊர்ப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை நடந்து முடிந்திருந்தது. வரலாறு படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. ஆனாலும் வரலாற்றுப் பாடம் இருக்கும் குரூப்பை விரும்பிக் கேட்டு வாங்கும் பிள்ளைகள் எங்கேயும் குறைவாகத்தான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் ஃபர்ஸ்ட் குரூப், அடுத்து பயாலஜி, மிச்சமிருப்பவர்களுக்கு ஆர்ட்ஸ் என்பது தமிழகம் முழுக்க எழுதாத விதியாகிவிட்டது.

இந்த விதி பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறது. ஆர்ட்ஸ் என்ற அந்த மூன்றாவது குரூப்பில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன, அவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யாரும் வீட்டில் உட்கார்ந்து பேசுவதில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தேர்வு செய்ய எதுவும் இல்லை. சமூக அறிவியல் எல்லோருக்கும் கட்டாயம், 100 மதிப்பெண். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு பகுதிகள் ஒரே பாடத்துக்குள் அடங்கும். 2019-20இல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரலாற்றுக்கு 10, புவியியலுக்கு 7, மற்ற இரண்டுக்கும் ஐந்தைந்து என 27 பாடங்கள். முதல் உலகப் போரில் தொடங்கி, தமிழகத்தில் நடந்த தொடக்ககால ஆங்கிலேய எதிர்ப்பு, விடுதலைப் போராட்டம், சமூக மாற்றங்கள் வரை வரலாறு செல்கிறது. தேர்வில் காலக்கோடும் வரைபடமும் உண்டு. வரைபடத்தில் ஆற்றைக் குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மார்க் உறுதி என்று ஆசிரியர்கள் அடித்துச் சொல்வார்கள்.

நான்கையும் ஒன்றாகக் கட்டிப் படிக்க வைக்கும் யோசனை அமெரிக்காவில் 1916இல் வெளியான ஒரு கல்விக் குழுவின் அறிக்கையால் பரவியது. இந்தியாவில் அதற்கு அழுத்தம் கொடுத்தவர் ஒரு தமிழர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் செயல்பட்ட இடைநிலைக் கல்வி ஆணையம், இந்தப் பாடங்களைத் தனித்தனிக் கூண்டுகளில் அடைக்காமல் ஒன்றாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. மனிதன் தான் வாழும் சமூகத்தோடு பொருந்தி வாழக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்த நோக்கம் செஞ்சியில் எவ்வளவு எளிதாக நிறைவேறும் என்பதைப் பார்க்க, ஊருக்குச் சற்று வடக்கே திருநாதர்குன்றுக்குப் போனால் போதும். பெரிய பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை அது சொல்கிறது. தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்து எழுத்துகள் அவை என்பதால் கல்வெட்டு அறிஞர்களுக்கு அந்தப் பாறை மிக முக்கியம். பாடப்புத்தகத்தில் சமணம் ஒரு பத்தி, எழுத்து வளர்ச்சி இன்னொரு பத்தி. இங்கே இரண்டும் ஒரே பாறையில் இருக்கின்றன. செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அது முடிந்துபோன கதை அல்ல என்பதும் பிள்ளைகளுக்குப் புரியும். விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் எழுதிவைத்த இடம் அது.

பிளஸ் ஒன்னில்தான் பாதை பிரிகிறது. தமிழ், ஆங்கிலத்தோடு நான்கு பாடங்கள், ஆக மொத்தம் 600 மதிப்பெண். கலைப் பிரிவில் மாநிலப் பாடத்திட்டம் அனுமதிக்கும் பாடங்கள் பல: வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், அறவியலும் இந்தியப் பண்பாடும், சிறப்புத் தமிழ். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை என்பதால், அரசுத் தேர்வு என்று எழுதப்போவது பிளஸ் டூவில் ஒருமுறைதான். குரூப்பைத் தேர்ந்தெடுக்கும் முடிவு மட்டும் முன்போலவே பதினைந்து, பதினாறு வயதில் எடுக்க வேண்டியது.

வரலாற்றை முதலில் பார்ப்போம். பதினொன்றாம் வகுப்பில் வரலாற்றுக்கு முந்தைய காலம் தொடங்கி ஐரோப்பியர் வருகை, ஆங்கிலேயருக்கு எழுந்த தொடக்க எதிர்ப்பு வரை. விஜயநகரம், முகலாயர், மராத்தியர் ஆகியவை தனித்தனிப் பாடங்கள். பன்னிரண்டில் நவீன இந்தியாவும் நவீன உலகமும். இதைச் செஞ்சி மலையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கோன் மரபினர், விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர், பிறகு ஆற்காடு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் வரும் பலவும் கோட்டையின் ராஜகிரி மலைமேல் நடந்திருக்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் ‘மராத்திய’ என்ற அடையாளத்தோடு ஏறியதும், நாயக்கர் கட்டியதை யார் பெயரில் எழுதுவது என்ற விவாதம் எழுந்தது. வரலாற்று வகுப்பு பேச வேண்டிய கேள்வி இதுதான்.

தேசிங்கு ராஜன் கதையும் அப்படியே. தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வளர்ந்த வீரன் ஒருவன். ஆவணங்களில் வரும் தேஜ்சிங், புந்தேல ராஜபுத்திரன், தந்தை சுவரூப்சிங்குக்குப் பின் கோட்டைக்கு வந்து, கப்பப் பாக்கி கேட்ட ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714இல் போரில் இறந்தவன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எது சான்று, எது மக்களின் நினைவு, ஏன் மக்கள் இவனைப் பாட்டில் வைத்தார்கள் என்று ஒரு மாணவி எழுதினால், அவள் வரலாற்று ஆய்வின் முதல் படியில் ஏறிவிட்டாள். சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் செஞ்சியின் வரலாற்றைத் தனிநூலாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு பிரெஞ்சுக்காரர் காலத்தைத் தமிழிலேயே காட்டுகிறது. மூலச் சான்றுக்குப் பஞ்சமில்லை.

புவியியலை மனப்பாடப் பாடம் என்று நினைப்பவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை. நிலத்தோற்றம், காலநிலை, மக்கள்தொகை, குடியிருப்புகள் ஆகியவற்றோடு தொலையுணர்வு, ஜிபிஎஸ், புவித்தகவல் முறைகள், பேரிடர் மேலாண்மை ஆகியவையும் அதில் இருக்கின்றன. செஞ்சி மலைகளில் பிறந்து வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் கடலைத் தேடிப் போகும் சங்கராபரணியை, ஏரிகளோடு சேர்த்து ஒரு வரைபடத்தில் வரைந்தால் அதுவே ஒரு பருவத்துக்கான செயல்திட்டம்.

அரசியல் அறிவியலுக்கு ஓர் எளிய உதாரணம். செஞ்சி இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். 1993 செப்டம்பர் 30 வரை அது தென்னாற்காடு. ஆனால் 2009 முதல் செஞ்சி வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பது ஆரணி மக்களவைத் தொகுதி உறுப்பினரை. உள்ளாட்சி என்று பார்த்தால் பேரூராட்சி. தண்ணீர்க் குழாய்க்கு யாரிடம் போவது, பட்டாவுக்கு யாரிடம் போவது, நீண்ட காலமாக முடியாமல் இருக்கும் திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதைக்கு யாரிடம் போவது? கூட்டாட்சி, தொகுதி மறுவரையறை, உள்ளாட்சி என்ற பாடத் தலைப்புகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளுக்குள் வந்துவிடும்.

பொருளியலில் கணக்கு இருக்கிறது என்பதைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். பதினொன்றில் நுண்ணினப் பொருளியலோடு தமிழ்நாட்டுப் பொருளாதாரமும் கணித முறைகளும் வருகின்றன. பன்னிரண்டில் வங்கி, பன்னாட்டு வணிகம், புள்ளியியல். தேவை, அளிப்பு, விலை ஆகியவற்றைக் கரும்பலகையில் வளைகோடாக மட்டும் பார்ப்பதற்குப் பதில், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் ஒரு காலை போய் நிற்கலாம். மூட்டைகள் வந்து குவிகின்றன. வியாபாரிகள் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து விலை குறிக்கிறார்கள். வரத்து அதிகமான நாளில் விலை என்ன ஆகிறது, விவசாயி ஏன் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோக முடியாமல் விற்கிறார் என்பது அங்கே தெரியும். கோட்டைக்குள் நிற்கும் பெரிய நெற்களஞ்சியத்தையும் அதே வாரத்தில் பார்த்தால், பத்தாம் வகுப்பின் உணவுப் பாதுகாப்புப் பாடம் மறக்கவே மறக்காது.

வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எல்லோருக்கும் தெரிந்தவை. சி.ஏ., வங்கி வேலை என்று பெற்றோர் அவற்றைப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இனி நடைமுறைச் சிக்கல். பாடத்திட்டம் அனுமதிப்பதெல்லாம் ஒவ்வொரு பள்ளியிலும் கிடைக்காது. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்ற சேர்க்கைதான் பரவலாக இருக்கிறது. புவியியலும் அரசியல் அறிவியலும் முதுகலை ஆசிரியர் பணியிடம் இருக்கும் பள்ளிகளில் மட்டுமே. சமூகவியல், உளவியல் வேண்டுமென்றால் சிபிஎஸ்இ பள்ளிகளைத்தான் தேட வேண்டும். சின்ன ஊர்ப் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. கேட்க ஆளில்லாத பாடம் என்று சொல்லி ஆசிரியர் போடாமல் விடுவதும், ஆசிரியர் இல்லாததால் யாரும் கேட்காமல் போவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

படித்தபின் என்ன என்ற கேள்விக்கு உறுதியான பதில்கள் உண்டு. திண்டிவனம், விழுப்புரம் அரசு கலைக் கல்லூரிகள் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. விழுப்புரத்தில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இயங்குகிறது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் பொறியியல், வேளாண்மைக்கு மட்டுமல்ல, சட்டப் படிப்புக்கும் பொருந்தும். அரசுப் பள்ளி மாணவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. வரலாறு அல்லது தமிழில் முதுகலை வரை போனவர்களுக்கு மாநிலத் தொல்லியல் துறை கல்வெட்டியலும் தொல்லியலும் கற்றுத்தருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

டிஎன்பிஎஸ்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பணியையும் உள்ளடக்கிய குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. அதன் பொது அறிவுப் பகுதியில் வரலாறு, புவியியல், இந்திய அரசமைப்பு, பொருளாதாரம் எல்லாம் வருகின்றன. பட்டதாரிகள் ஆறு முதல் பத்து வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களைத் தேடிப் பிடித்து மறுபடி படிக்கிறார்கள். இன்ஜினியரிங் முடித்தவர்களும் அந்தப் புத்தகங்களுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

பாடப்புத்தகத்துக்கு வெளியே பள்ளிகள் செய்யக்கூடியதும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் பழைய தமிழ் எழுத்துகளைப் படிக்கப் பழகினார்கள். ஊரைச் சுற்றிக் கிடைத்த பானை ஓடுகளையும் காசுகளையும் அடையாளம் கண்டார்கள். ஆர்வமுள்ள ஆசிரியரும் சனிக்கிழமைகளும் இருந்தால் போதும் என்று அந்தப் பள்ளி காட்டியிருக்கிறது. செஞ்சிப் பள்ளிகளுக்கு இதைவிட அதிக வசதி இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள கோட்டைக்குள் நுழைய 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு முடிவு வரும்வரை காத்திருக்காமல், முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததுமே பிள்ளையோடு பள்ளிக்குப் போய், கலைப் பிரிவில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் உண்டா என்று கேளுங்கள். புவியியலோ அரசியல் அறிவியலோ வேண்டும் என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து எழுத்துமூலமாகவே கொடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் கோரிக்கையில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் இருந்தால்தான், அடுத்த ஆண்டுக்கு அந்தப் பாட ஆசிரியர் பணியிடத்தைக் கேட்கத் தலைமையாசிரியரிடம் ஒரு காகிதம் இருக்கும்.