கேபிள் வந்தாச்சு, நெட் வந்துச்சா? பாரத்நெட் பற்றிச் சில குறிப்புகள்

இத்தனை லட்சம் ஊராட்சிகளுக்கு இணையம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்த "போய்ச் சேர்ந்தது" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு பார்க்கலாம்னுதான் இந்தக் குறிப்பு. சொல் சின்னதுதான். ஆனா அரசு எதைக் கணக்கு எடுக்குது, எதை விட்டுடுதுங்கிறது அதுக்குள்ளதான் இருக்கு.

முதலில், இதில் அரசு ஏன் இறங்கணும்? டவர் வைக்கிற கம்பெனி, அதன் கீழே எத்தனை போன் இருக்கும் என்று பார்க்கும். நகரத்தில் ஒரு டவருக்கு ஆயிரக்கணக்கில் ஆள் கிடைப்பார்கள். ஐம்பது வீடு உள்ள மலைக்கிராமத்தில் செலவு குறையாது. சாலையும் மின்சாரமும் சரியில்லையென்றால் கூடத்தான் ஆகும். வருமானம் மட்டும் குறைவு. அதனால் கம்பெனிகள் தானாகப் போகாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2002 ஏப்ரலில் ஒரு தனி நிதி தொடங்கினார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை இதற்குக் கட்டுகின்றன. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி என்று மாறியது. சுற்றி வளைத்துப் பார்த்தால், நீங்களும் நானும் போடுற ரீசார்ஜில் இருந்து போற காசுதான் அது.

அடுத்து, செல்போன் வேறு பிராட்பேண்ட் வேறு என்று நினைக்க வேண்டாம். உங்க போனில் இருந்து டவர் வரைக்கும்தான் சிக்னல் காற்றில் போகுது. டவரில் இருந்து வெளியே போக நல்ல வழி கண்ணாடி இழை கேபிள். அது இல்லாத இடத்தில் நுண்ணலை மூலம் டவருக்கு டவர் அனுப்பலாம், ஆனால் அதன் கொள்ளளவு குறைவு. நாலு கட்டை காட்டியும் வீடியோ சுத்திக்கிட்டே இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பாரத்நெட்டுக்கு வருவோம். சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பாரத்நெட் என்ற பெயர் பிறகுதான் வந்தது. அப்போதைய மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய். யோசனை எளிமையானது: பிஎஸ்என்எல், ரெயில்டெல், பவர்கிரிட் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் இழைகள் ஏற்கெனவே ஒன்றியத் தலைமையிடம் வரை இருக்கு, அங்கிருந்து ஊராட்சி வரைக்கும் மட்டும் புதுசா போட்டால் போதும். இரண்டு வருஷத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்தது 2017 டிசம்பரில்.

தாமதத்தை விட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு ஊராட்சி "தயார்" என்றால், இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்து, பெட்டி மாட்டி, சோதித்துப் பார்த்தாச்சு என்று பொருள். அந்தப் பெட்டிக்கு கரண்ட் இருக்கா? அங்கிருந்து வீடுகளுக்கு யார் இழுப்பது? ரோடு வேலைக்கு வந்த ஜேசிபி கேபிளை அறுத்தால் யார் வந்து ஒட்டுவது? இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. இழைகள் பெரும்பாலும் நேர்கோடாகப் போனதால், நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருட்டு. ஒன்றியம் வரை நம்பியிருந்த இழைகளிலும் பழசு நிறைய.

நெட் இல்லேன்னா ரீல்ஸ்தானே போச்சு என்று சிலர் கேட்பார்கள். அப்படி இல்லை. ரேஷன் கடைக் கருவியில் கைரேகை சரிபார்க்க நெட் வேணும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு படம் ஏற்றணும். சிக்னல் இல்லாத இடத்தில் அந்தப் பதிவு சிக்கினால், கேள்விக்குறியாவது செய்த வேலைக்கான கூலி. ஒரு கை இணையத்தைக் கட்டாயமாக்குது, இன்னொரு கை அதை இன்னும் கொண்டுபோய்ச் சேர்க்கலை.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம் இந்தப் பாடத்தை ஓரளவு படித்திருக்கிறது. ஒதுக்கீடு சுமார் 1.39 லட்சம் கோடி. நேர்கோட்டுக்குப் பதில் வளையம்: ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றிப் போகலாம். 10 வருஷப் பராமரிப்பும் ஒப்பந்தத்திலேயே சேர்ந்திருக்கு. உள்ளூர்த் தொழில்முனைவோர் மூலம் 1.5 கோடி வீட்டு இணைப்பு கொடுப்பது இலக்கு. செல்போன் பக்கம், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டம் 2022 ஜூலையில் வந்தது, பொறுப்பு பிஎஸ்என்எல்லுக்கு.

தமிழ்நாடு தனி வழி எடுத்தது. மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகிறது. பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாக. தோண்டுற செலவும் ஜேசிபி பயமும் குறைவு. ஆனா புயல் அடித்துக் கம்பம் சாய்ந்தால் கரண்டும் போகும், நெட்டும் சேர்ந்து போகும். அதனால் இங்கேயும் கடைசியில் பராமரிப்புதான் கேள்வி.

ஆகவே அடுத்த தடவை "இத்தனை ஊராட்சி இணைப்பு" என்று செய்தி பார்த்தால் மூணு விஷயம் தேடுங்க. போன மாசம் அதில் எத்தனை ஊரில் உண்மையில் டேட்டா ஓடுச்சு? எத்தனை வீட்டுக்கு லைன் போயிருக்கு? அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரி பண்றாங்க? செல்போனுக்கு, டிராயின் 2024 விதிகளின்படி நிறுவனங்கள் சிக்னல் வரைபடத்தைத் தங்கள் தளத்தில் போட வேண்டும். உங்க ஊரை அதில் தேடிப் பாருங்க. வரைபடத்தில் நிறம் இருந்து கையில் சிக்னல் இல்லேன்னா, புகார் எழுத அதுவே போதுமான ஆதாரம்.