மேடேறும்போது கொழுப்பு எரிவது ஏன் குறைகிறது?

சேர்வராயன் மலையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏர்க்காட்டைச் சூழ்ந்துள்ள செம்மநத்தம் முதலிய மலைக்கிராமங்களில், மேடும் பள்ளமுமாக நடப்பது மக்களுக்கு நித்திய காரியம். ஆனால், தேகத்தின் கொழுப்பைக் கரைத்தே தீருவது என்ற சங்கல்பத்தோடு சமவெளியிலிருந்து வந்து, செங்குத்தான பாதையில் விரைந்தேறும் ஒருவர், மூச்சு எவ்வளவுக்கெவ்வளவு இரைக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு கொழுப்பு எரிகிறது என்று எண்ணுவாரானால், உடலியல் சாஸ்திரம் அதை ஒப்புக்கொள்வதில்லை. அதற்கான காரணங்களுள் முக்கியமான ஒன்று, லாக்டேட் என்னும் பொருள்.

நம் தசைகள் கொழுப்பையும் சர்க்கரையையும் எப்போதும் கலந்தே எரிக்கின்றன. சர்க்கரை சிதைகையில் உண்டாகி, ஓய்வில் இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் அளவே இருக்கும் லாக்டேட், நிதான நடையில் பெரிதும் உயர்வதில்லை. உண்டாகும் வேகத்திலேயே செலவாகியும் விடுகிறது. நடை கடுமையாகும்போதோ, தசைகளில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் மளமளவென்று சிதைந்து, லாக்டேட் 4 மில்லிமோலையும் தாண்டக்கூடும். அது இரத்தத்தின் வழியே கொழுப்பணுக்களை அடைந்து, அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஜிபிஆர்81 என்ற ஏற்பியைப் பற்றி, கொழுப்பைப் பிரிக்கத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைக் குறைத்துவிடுவதால், கொழுப்பமிலங்கள் வெளிவருவது தணிகிறது. களத்தில் நெல் குவிந்து கிடக்கையில் குதிரைத் திறப்பானேன் என்ற குடும்ப விவேகத்தை ஒத்தது இது. லாக்டேட்டுக்கும் ஜிபிஆர்81-க்கும் உள்ள இந்தச் சம்பந்தம் 2008, 2009-ஆம் ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. இதுவே முழுக் காரணமன்று. சர்க்கரை மிக வேகமாகச் சிதையும் தசையில், கொழுப்பமிலங்கள் அவற்றை எரிக்கும் உலைகளான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வழியும் குறுகிவிடுகிறது. ஆகவே பெரும்பாலோருக்கு, உச்சப் பிராணவாயு நுகர்வில் பாதியளவிலோ அதற்குச் சற்று மேலோ கொழுப்பு மிகுதியாக எரிந்து, பிறகு சரிகிறது.

இவ்வளவு காரியம் செய்யும் பொருளை நெடுங்காலம் வெறும் கழிவென்றும் களைப்பின் விஷமென்றும் தூற்றியது பெரிய அநியாயம். 1780-இல் வேதியியலார் ஷீலே, லாக்டேட்டின் அமில வடிவமான லாக்டிக் அமிலத்தைப் புளித்த பாலில் கண்டார். தசையில் அதன் கதியை ஆராய்ந்த ஹில்லும் மேயர்ஹாஃபும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றனர். அந்த அமிலமே தசையைச் சுருங்கச் செய்கிறது என்ற சித்தாந்தமும் அக்காலத்தில் கோலோச்சியது. அதை ஆட்டங்காணச் செய்தவர்களில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஒருவர். ஆய்வாளர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927-இல் அவர், தசைக்கு உடனடி ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டினைக் கண்டுபிடித்தார்; 1930-இல் லண்ட்ஸ்கார்டு என்ற ஆய்வாளர், லாக்டிக் அமிலம் உண்டாகாமலே தசை சுருங்குவதைக் காட்டினார்.  பின்னர் 1980-களில் கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ், ஒரு தசையிழை வெளிவிடும் லாக்டேட்டை மற்றோர் இழையும் இதயமும் உணவாகக் கொள்வதை விளக்கினார். ஏறிய மறுநாள் உண்டாகும் கால்வலிக்கும் அது பொறுப்பன்று. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

தொடர்ந்து மாதக்கணக்கில் நடந்து பழகிய தசைகளில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதால், அதே ஏற்றத்தில் லாக்டேட் குறைவாகவும் கொழுப்பின் பங்கு அதிகமாகவும் அமைகிறது. புதிதாகத் தொடங்குவோர், உடன் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகிற வேகத்தில் ஏறினால் போதும். விரைந்தேறுவதும் வீணன்று, அது இதயத்துக்கு வலிமை தரும். நின்று இளைப்பாறும்போது லாக்டேட் குறைய, எரிவதில் கொழுப்பின் பங்கு மறுபடியும் கூடும். உடலில் சேர்ந்த கொழுப்பு குறைவதோ, பல நாட்கள் உண்ட உணவும் உழைத்த உழைப்பும் சேர்ந்து தீர்மானிக்கிற காரியம்.