ஒரே ஒரு முத்தம்... 6 மணி நேரம் முடங்கிய ஏர்போர்ட்! பாதுகாப்பு மீறல் நடந்தால் உள்ளே என்ன செய்வார்கள்?

2010, ஜனவரி 3. ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் இருக்கும் நெவார்க் விமான நிலையத்தின் ‘சி’ டெர்மினலில் கால் வைக்க இடமில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் நாள் அது. லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கிளம்பிய காதலியை வழியனுப்ப வந்திருந்தார் ஓர் ஆராய்ச்சி மாணவர்.

காதலி பரிசோதனையை முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இளைஞருக்கு மனசு கேட்கவில்லை. விமானத்திலிருந்து இறங்கிய பயணிகள் வெளியே வரும் பாதையில் ஒரு கயிறு மட்டும் குறுக்கே கட்டப்பட்டிருந்தது. அங்கே இருக்க வேண்டிய காவலர் இடத்தைவிட்டு நகர்ந்த நேரம் பார்த்து, கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே புகுந்தார். காதலிக்கு ஒரு முத்தம். இருவரும் ஒன்றாக நடந்து கூட்டத்தில் மறைந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால், இதற்காக அந்த டெர்மினல் சுமார் 6 மணி நேரம் முடங்கியது. ஏற்கெனவே பரிசோதனை முடித்திருந்த ஆயிரக்கணக்கானோர் மறுபடியும் வெளியே அனுப்பப்பட்டு, மீண்டும் வரிசையில் நின்றார்கள். குழந்தைகள் பெட்டிகள் மீதே தூங்கிப்போனார்கள். அந்தப் பெண் பரிசோதனை முடித்தவர். இளைஞர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

‘சுத்தமான’ பகுதி என்றால் என்ன?

விமான நிலையத்தை இரண்டு உலகங்களாகப் பிரிக்கலாம். பாதுகாப்புப் பரிசோதனைக்கு முன்னால் இருப்பது ஒன்று. அதைத் தாண்டியபின் இருப்பது இன்னொன்று. இரண்டாவது உலகத்தை ‘ஸ்டெரைல் ஏரியா’ என்பார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்வார்களே, அதே வார்த்தைதான். அங்கே இருக்கும் ஒவ்வொரு மனிதரும், ஒவ்வொரு பையும் பரிசோதிக்கப்பட்டவை என்ற நம்பிக்கையில்தான் விமானங்கள் கிளம்புகின்றன.

பரிசோதிக்கப்படாத ஒருவர் உள்ளே வந்து கண்ணிலிருந்து மறைந்துவிட்டால், அந்த நம்பிக்கை மொத்தமாக உடைந்துவிடும். அவர் எதையாவது கழிவறைக் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கலாம். ஏற்கெனவே பரிசோதனை முடித்த வேறொருவர் கையில் கொடுத்திருக்கலாம். எனவே, அந்த ஆளைப் பிடித்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும்.

இந்தியாவில் டிக்கெட், அடையாள அட்டை இரண்டையும் காட்டினால்தான் டெர்மினல் வாசலையே தாண்ட முடியும். வழியனுப்ப வருபவர்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றே கையசைத்துவிட்டுத் திரும்புவார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. பரிசோதனை வரிசை வரைக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம். நெவார்க்கில் இரண்டு உலகங்களுக்கும் நடுவே இருந்தது ஒரு கயிறும் ஒரு காவலரும்தான்.

அது பதற்றமான நேரமும்கூட. அதற்கு 9 நாள்களுக்கு முன்புதான், கிறிஸ்துமஸ் அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிபொருளை மறைத்துவந்த ஒருவர் அதை வெடிக்கவைக்க முயன்றிருந்தார்.

கைகொடுக்காத கேமரா!

பாதுகாப்பு மீறல் நடந்தால், அதிகாரிகள் பார்க்கும் முதல் விஷயம் நேரம். உள்ளே நுழைந்தவரைச் சில விநாடிகளில் கவனித்து, கண்ணிலிருந்து தவறவிடாமல் பிடித்துவிட்டால், அவரை மட்டும் பரிசோதித்து முடித்துவிடலாம். மற்ற பயணிகளுக்கு விஷயமே தெரியாது. தவறவிட்டால்தான் சிக்கல் பெரிதாகும்.

நெவார்க்கில் அந்த இளைஞர் நுழைந்ததைப் பார்த்தது காவலர் அல்ல. யாரையோ வரவேற்பதற்காகக் காத்திருந்த ஒரு சாதாரண மனிதர்தான் பார்த்துவிட்டு, வந்து சொன்னார். உடனே கேமரா பதிவைத் தேடினார்கள். பாதுகாப்புத் துறைக்கான கேமராவில் காட்சி தெரிந்ததே தவிர, எதுவும் பதிவாகியிருக்கவில்லை. கடைசியில் அந்த டெர்மினலைப் பயன்படுத்திய கான்டினென்டல் ஏர்லைன்ஸின் கேமரா பதிவைக் கேட்டு வாங்கித்தான், நடந்ததைப் பார்க்க முடிந்தது. அதற்குள் நேரம் கையைவிட்டுப் போயிருந்தது.

இதில் இன்னொரு விஷயம், உள்ளே போன இளைஞர் சுமார் 20 நிமிடங்களிலேயே வேறு வழியாக வெளியேறிவிட்டார். டெர்மினல் முழுக்கத் தேடப்பட்டபோது, தேடப்பட்டவர் அங்கே இல்லவே இல்லை.

முடிவெடுத்த பிறகு என்ன நடக்கும்?

நாட்டுக்கு நாடு விதிமுறைகள் மாறினாலும், டெர்மினலைக் காலி செய்யும் வேலை ஏறக்குறைய இந்த வரிசையில்தான் நடக்கிறது.

நிறுத்தம்: பரிசோதனை வரிசைகள் மூடப்படும். விமானத்தில் ஏறுவது நிறுத்தப்படும். ஏற்கெனவே ஏறி அமர்ந்தவர்களையும் இறக்க வேண்டி வரலாம்.

வெளியேற்றம்: காத்திருப்புக் கூடம், கடைகள், உணவகங்கள், கழிவறைகள் என எல்லா இடங்களிலிருந்தும் பயணிகள் பரிசோதனைக்கு முந்தைய பகுதிக்கு அனுப்பப்படுவார்கள்.

தேடல்: காலியான இடத்தில் மோப்ப நாய்களோடு போலீஸார் இறங்குவார்கள். குப்பைத் தொட்டி, இருக்கைகளின் அடிப்பகுதி என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

மறுபரிசோதனை: ‘இடம் சுத்தம்’ என்று உறுதியான பிறகே வரிசைகள் திறக்கும். நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வந்து சேர்ந்த கூட்டம், இப்போது ஒரே நேரத்தில் வாசலில் நிற்கும்.

டெர்மினல் திறந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. விமானிகளும் பணியாளர்களும் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்ற விதி இருக்கிறது. அந்த நேரம் முடிந்துவிட்டால், விமானம் தயாராக இருந்தாலும் ஓட்ட ஆள் இருக்காது. அடுத்த ஊரில் இணைப்பு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

ஜெர்மனியின் மியூனிக்கில் இது நடந்தது. 2018 ஜூலை 28, கோடை விடுமுறையின் முதல் சனிக்கிழமை. ஒரு பெண் பரிசோதிக்கப்படாமலே உள்ளே போய்விட்டது தெரிந்ததும், இரண்டாவது டெர்மினல் காலி செய்யப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின. 30,000-க்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு அன்றைய இரவு விமான நிலையத்திலேயே கழிந்தது.

வதந்தி என்னும் இன்னொரு ஆபத்து!

நெவார்க்கிலும் மியூனிக்கிலும் அதிகாரிகள் முடிவெடுத்து மக்களை வெளியேற்றினார்கள். யாருமே முடிவெடுக்காமல் மக்களாகவே ஓடத் தொடங்கினால்?

2016 ஆகஸ்ட் 14 இரவு, நியூயார்க்கின் ஜே.எஃப்.கே விமான நிலையத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகத் தகவல் பரவியது. மக்கள் அலறியடித்து ஓடினார்கள். சிலர் விமானங்கள் நிற்கும் திறந்தவெளிக்கே போய்விட்டார்கள். தேடிப் பார்த்ததில் துப்பாக்கியும் இல்லை, சுட்டவரும் இல்லை. அன்று ரியோ ஒலிம்பிக்கில் உசேன் போல்ட் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றதை டி.வி-யில் பார்த்தவர்கள் எழுப்பிய கைதட்டலும் ஆரவாரமும்தான் அந்தச் சத்தமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது.

அடுத்த ஆண்டு நடந்ததோ நிஜமான துயரம். 2017 ஜனவரி 6, ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையம். பெட்டிகளை எடுக்கும் இடத்தில் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். அவர் உடனே பிடிபட்டார். ஆனால், ஒன்றரை மணி நேரம் கழித்து, ‘இன்னொருவரும் சுடுகிறார்’ என்ற பொய்த் தகவல் பரவ, மற்ற டெர்மினல்களில் இருந்தவர்களும் ஓடினார்கள். தள்ளுமுள்ளுவில் பலர் காயமடைந்தார்கள். போன், பாஸ்போர்ட், மருந்து என 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கேயே சிதறிக் கிடந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பதே தனி வேலையாகிப் போனது.

கதவை மூடுவதும் தேடுவதும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் ‘என்ன நடக்கிறது’ என்று மைக்கில் சொல்வது. தகவல் வராத இடத்தில் பயம்தான் முதலில் வந்து நிற்கும்.

மீனம்பாக்கம் சொல்லும் பாடம்

‘சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கெடுபிடியா’ என்று தோன்றினால், சென்னை விமான நிலையத்தின் கறுப்பு நாளை நினைத்துப் பார்க்கலாம். 1984 ஆகஸ்ட் 2 இரவு. கொழும்பு செல்லும் விமானத்துக்குப் பெட்டிகளைக் கொடுத்த ஒரு பயணி, விமானத்தில் ஏறவே இல்லை. பெட்டிகள் மீனம்பாக்கத்திலேயே தங்கிவிட்டன. அவற்றில் வெடிகுண்டு இருப்பதாக எச்சரித்துத் தொலைபேசி அழைப்புகளும் வந்தன. ஆனாலும், மக்கள் உரிய நேரத்தில் வெளியேற்றப்படவில்லை. குண்டு வெடித்து 33 பேர் உயிரிழந்தார்கள்.

அங்கே எச்சரிக்கை இருந்தது, வெளியேற்றம் இல்லை. நெவார்க்கில் ஆபத்து இல்லை, ஆனாலும் வெளியேற்றினார்கள். எது நிஜம், எது பொய் என்று அந்த நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. அப்படித் தெரியாதபோது 6 மணி நேரம் காத்திருப்பதுதான் இருப்பதிலேயே குறைந்த விலை.

நீங்கள் அங்கே இருந்தால்...

* பாஸ்போர்ட், போன், தினமும் சாப்பிடும் மாத்திரை மூன்றையும் எப்போதும் உடலோடு ஒட்டிய சிறு பையில் வைத்திருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பெட்டிகளை விட்டுவிட்டு நகருங்கள்.

* குழந்தைகள், பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று உள்ளே நுழையும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

* வெளியே வரும் பாதை வழியாக, மறந்துவைத்த பொருளை எடுக்கக்கூடத் திரும்பி உள்ளே போகாதீர்கள். ஊழியரிடம் சொல்லுங்கள்.

* அறிவிப்பை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

* விளையாட்டுக்குக்கூட ‘பாம்’ என்று சொல்லாதீர்கள். கைது வரை போகும்.

* இந்தியாவில், பாதுகாப்புக் காரணத்தால் விமானம் தாமதமானால் விமான நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல. அவசரப் பயணம் என்றால் கொஞ்சம் இடைவெளி விட்டே இணைப்பு விமானத்தை பதிவு செய்யுங்கள்.

நெவார்க் இளைஞர் 5 நாள்கள் கழித்துக் கைதானார். தவற்றை ஒப்புக்கொண்ட அவருக்கு 500 டாலர் அபராதமும், 100 மணி நேரச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன. இடத்தைவிட்டு நகர்ந்த காவலர் பணியிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டார்.

அன்று காவலர் பார்க்கவில்லை, கேமரா பதிவு செய்யவில்லை. பார்த்ததும், பார்த்ததைச் சொன்னதும் ஒரு சாதாரண மனிதர். ‘நமக்கென்ன’ என்று அவர் சும்மா இருந்திருந்தால், அந்தக் கயிற்றைத் தாண்டியது யாருக்குமே தெரிந்திருக்காது. அடுத்த முறை தாண்டுபவர் முத்தம் கொடுக்கத்தான் வருவார் என்று யார் சொல்ல முடியும்?