கப்பல் வராவிட்டால் முந்திரிக்கொட்டைக்கு எங்கே போவது?

விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டினால் செம்மண் மேடெங்கும் முந்திரித் தோப்புகள். ஆனால் இங்கு விளையும் கொட்டை பண்ணுருட்டி வட்டார ஆலைகளுக்கு ஆண்டு முழுவதும் போதாது. ஐவரி கோஸ்ட், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைத்து உடைக்கிறார்கள்.

அங்கே அரசு ஓர் உத்தரவு போட்டால் இங்கே வேலை நிற்கிறது. 2018 நவம்பரில் தான்சானியா அரசு, வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று சொல்லி, ராணுவத்தை இறக்கி விளைச்சலைத் தானே வாங்கியது. பெனின் நாடு 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையை வெளியே அனுப்பத் தடை போட்டது. உடைக்கும் கூலி தம் மக்களுக்கே கிடைக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம்; அதைக் குறை சொல்ல முடியாது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஆப்பிரிக்காவையே சுற்றிச் செல்ல நேர்ந்தது. வாடகை ஏறியது. சரக்கு போய்ச் சேரும்வரை முடங்கிய பணத்துக்கு வட்டி வேறு.

ஆலை நடத்துவோர் ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து. மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரி வாக்கில் அறுவடை தொடங்குகிறது. நம் பருவமும் ஏறக்குறைய அதுவே. தான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் அக்டோபர் வாக்கில்தான் தொடங்கும். கொள்முதலை இரு பருவத்துக்கும் பிரித்துக்கொண்டால் ஒரு வழி அடைபட்டாலும் சமாளிக்கலாம். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு, ஈரம் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது அவசியம். டாலர் மதிப்பையும் வங்கியில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளலாம்.

பக்கத்துத் தோப்புக்கு எந்த நாடும் தடை போட முடியாது. ஆனால் அதற்கும் ஆபத்து உண்டு. 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயல் கடலூர் மாவட்ட முந்திரி மரங்களைப் பெருமளவில் சாய்த்துவிட்டது. காய்ப்புக் குறைந்த பழைய மரங்களை நீக்கி, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்று நடலாம். 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 200 கன்று பிடிக்கும். முதல் சில ஆண்டுகள் ஊடே மணிலா போடலாம்.

கப்பல் தாமதமாகும் ஆண்டில் விலை ஏறும். கொட்டையை இருப்பு வைத்திருப்பவருக்குத்தான் அது கிடைக்கும். பழத்திலிருந்து திருகிய கொட்டையை 2, 3 நாள் நல்ல வெயிலில் உலர்த்திச் சாக்கில் கட்ட வேண்டும். மூட்டைகளைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குவது நல்லது. ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடித்துப் பருப்பு கெடும்.