டேலியில் 'டெலீட்' ஆகவில்லையா? கீழிருந்து மேலே போங்க!

சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருக்கிறீர்களா? அல்லது விருதுநகரில் பருப்பு மண்டி நடத்துகிறீர்களா? கணக்கு டேலி மென்பொருளில் என்றால் இந்தச் சிக்கலை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். வேண்டாத ஒரு பிரிவை நீக்கப் பார்ப்பீர்கள், மென்பொருளோ 'முடியாது' என்று அடம்பிடிக்கும். கம்ப்யூட்டர் பழுது, வைரஸ் என்றெல்லாம் பயப்பட வேண்டாம். உங்கள் கணக்கைக் காப்பாற்றத்தான் அது தடுக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிகளைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. அதன்பின் 'சரவெடி' என்ற சரக்குப் பிரிவு கடைக்குத் தேவையில்லை. ஆனால் அதை நீக்கப் போனால் நீங்காது. ஏன்?

குடும்பம் மாதிரிதான் கணக்கும்

டேலியில் சரக்குகள் மரக்கிளைபோல அடுக்கப்பட்டிருக்கும். மேலே 'பட்டாசு' என்ற பெரிய பிரிவு. அதற்குக் கீழே 'சரவெடி'. அதற்கும் கீழே '1000 வாலா', '5000 வாலா' என்ற பொருள்கள். ஒவ்வொரு பொருளையும் பிடித்துக்கொண்டு பழைய பில்கள். மேலே இருப்பதை நீக்கினால் கீழே இருப்பவை ஒட்டு உறவில்லாமல் தொங்கும். அதனால்தான் மென்பொருள் மறுக்கிறது. ஏஜெண்டுகளின் லெட்ஜர்களுக்கும் இதே விதிதான்.

என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் பேக்கப். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 'டேட்டா' பட்டியல் வரும். அதில் 'பேக்கப்' தேர்ந்தெடுத்து பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

2. 'சார்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குப் போய், நீக்க வேண்டிய பிரிவின் கீழே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

3. ஒரு பில்கூடப் போடாத பொருளைத் திறந்து, ஆல்ட், டி அழுத்துங்கள். நீங்கிவிடும். ஆர்டர் பதிவு இருந்தாலும் நீங்காது என்பதைக் கவனிக்கவும்.

4. பில் உள்ள பொருளை நீக்க வேண்டாம். 'பழைய சரக்கு' என்று ஒரு புதிய பிரிவு தொடங்கி, பொருளைத் திருத்தும் பக்கத்தில் 'அண்டர்' என்ற இடத்தில் அந்தப் பெயரைக் கொடுங்கள். மொத்தத் தொகை மாறாது. பிரிவுவாரிப் பட்டியலில் இடம் மட்டும்தான் மாறும்.

5. இப்போது 'சரவெடி' பிரிவு காலி. அதைத் திறந்து ஆல்ட், டி அழுத்தினால் போதும். அவ்வளவுதான்!

'சண்ட்ரி டெப்டார்ஸ்' போல டேலியே தரும் 28 கணக்குப் பிரிவுகளை மட்டும் என்ன செய்தாலும் நீக்க முடியாது. முயல வேண்டாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

'பில்தானே தடுக்குது, பில்லையே அழிச்சிடுவோம்' என்று சிலர் நினைப்பதுண்டு. ஆபத்து அங்கேதான். அந்த விற்பனையை நீங்கள் ஏற்கெனவே ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் காட்டியிருப்பீர்கள். பில்லை அழித்தால் தாக்கல் ஒன்று சொல்லும், உங்கள் கணக்குப் புத்தகம் வேறொன்று சொல்லும். ஏஜெண்டு தர வேண்டிய பாக்கியும் சேர்ந்து மறைந்துபோகும். அதிகாரி கேட்டால் காட்ட ஆதாரம் இருக்காது.

ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த கம்பெனி என்றால், யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடத்தைப் பதிவு செய்யும் மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும்.

தாக்கல் செய்த பில்லில் பொருள் திரும்பி வந்தாலோ, தொகை கூடுதலாக இருந்தாலோ கிரெடிட் நோட் போடுவதுதான் முறை. உங்கள் கணக்கரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ரேஷன் கார்டிலும் இதே வரிசைதான்

பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் 'குடும்பத் தலைவர் மாற்றம்', 'உறுப்பினர் நீக்கம்' என இரண்டு தனிச் சேவைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குடும்பத் தலைவர் இறந்துவிட்டால் முதலில் புதிய தலைவரைக் குறிப்பிட்டு, பிறகு பெயர் நீக்கத்துக்குப் போங்கள். கார்டில் உள்ள மற்றவர்கள் எல்லாம் அந்தத் தலைவரின் கீழ்தானே பதிவாகியிருக்கிறார்கள்!

எந்த மென்பொருளானாலும் 'நீக்க முடியாது' என்று வந்தால், 'இதன் கீழே யார் இருக்கிறார்கள்?' என்று முதலில் பாருங்கள். தீபாவளி விற்பனை சூடுபிடிக்கும் முன்பே பழைய பிரிவுகளை ஒழுங்குபடுத்திவிட்டால், பில் போடும் நேரத்தில் தடுமாற்றம் இருக்காது.