மக்காச்சோளமும் பூஞ்சணமும்

1974-ஆம் ஆண்டு. ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்தது. மக்காச்சோளம் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. ஏழைகளுக்கு வேறு தானியம் ஏது? அதையே சாப்பிட்டார்கள். கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன.

பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுதான் காரணம். அதன் பெயர் அஃப்ளடாக்சின். சமைத்தாலும் முழுவதும் போகாது.

இந்தப் பூஞ்சணத்தை எலுமிச்சைப் புல் எண்ணெய் அடக்கும். கேரளத்தில் இந்தப் புல் பயிராகிறது. புல்லை நீராவியில் வேகவைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால். எலுமிச்சை வாசம் தருவதும் அதுதான். அது பூஞ்சணத்தின் மெல்லிய தோலைச் சிதைக்கிறது.

ஆனால் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். அளவு மிஞ்சினால் விதை முளைக்காது. பூஞ்சணம் பிடித்த தானியத்தில் தடவினாலும் அது உணவாகாது. முதலில் தானியம் நன்றாகக் காய வேண்டும். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும்.