சிறு சேவைத் தொழில்களுக்கான தகவல் காணொளிகள்

தகவல் காணொளி என்பது, ஒரு சேவையை நேரடியாக விற்க முயலாமல், அதைப் பற்றி வாடிக்கையாளருக்கு எழும் ஐயத்தைத் தீர்த்து வைக்கும் குறும்படம் ஆகும். "எங்கள் கடைக்கு வாருங்கள்" என்பது விளம்பரம். "வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள், காரணம் இதுதான்" என்பது தகவல் காணொளி. இருசக்கர வாகன மெக்கானிக், ஏசி பழுதுபார்ப்பவர், பிளம்பர், தையற்கலைஞர் போன்ற சிறு தொழில் செய்வோர் பெருஞ்செலவின்றித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள இது ஒரு நல்ல வழி.

சேவையை விற்பதிலுள்ள சிக்கல்

சந்தையில் தக்காளி வாங்குபவர் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம். உணவகத்தின் தரம் உண்டபின் தெரிந்துவிடும். பழுதுபார்ப்புச் சேவை அப்படிப்பட்டதன்று. மாற்றப்பட்ட கம்ப்ரசர் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்பது, பணம் கொடுத்த பிறகும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. இத்தகைய சேவைகளைப் பொருளியலாளர்கள் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகியோர் 1973-இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினர். இவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் எனலாம்.

இதனால் நேர்மையான மெக்கானிக்கும் ஏமாற்றுபவரும் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றனர். முன்பு இவர்களை வேறுபடுத்திக் காட்டியது அக்கம்பக்கத்தார் பரிந்துரை. இன்று ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் முதலில் தேடுவது கைப்பேசியில்தான். அங்கே அறிவைத் திறந்து காட்டுபவர் மீது நம்பிக்கை பிறக்கிறது.

இரண்டு முன்னோடிகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல்குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் என்னும் சிறு நிறுவனம், 2008 பொருளாதார நெருக்கடியில் மூடும் நிலைக்கு வந்தது. அதன் பங்குதாரர்களுள் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் வெளிப்படையாக விடையளிக்கத் தொடங்கினார். விலை எவ்வளவு, தம் குளத்தின் குறைகள் என்ன என்பவற்றையும் அவர் மறைக்கவில்லை. முதலில் எழுத்திலும் பின்னர் காணொளியிலும் இதைச் செய்த நிறுவனம் மீண்டெழுந்தது. இந்த அனுபவத்தை அவர் 2017-இல் நூலாக வெளியிட்டார்.

இந்தியாவில் 2006-இல் பெங்களூரில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டம், உழவர்களுக்கு உழவர்களையே நடிக்கவைத்து வேளாண் காணொளிகளைத் தயாரித்தது. தம்மைப் போன்ற ஒருவர், தம் பேச்சு வழக்கில், தம் மண்ணிலேயே செய்து காட்டும்போது பார்ப்பவர் எளிதில் ஏற்றுக்கொள்கிறார் என்பதே அதன் அடிப்படை.

உப்பளம்: ஓர் எடுத்துக்காட்டு

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், கடலுக்கும் துறைமுகத்துக்கும் அருகில் உள்ளது உப்பளம். உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டிலுள்ள அலுமினியத் தகடுகளை அரிக்கும். தகடுகள் அரித்தால் வெப்பம் வெளியேறுவது குறைந்து, மின்கட்டணம் ஏறும். இப்பகுதி ஏசி மெக்கானிக் ஒருவர், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகடுகள் வளையாதபடி மெதுவாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை மூன்று நிமிடத்தில் காட்டலாம். வேறு ஊர்க்காரர் எடுத்த காணொளியில் இந்த உப்புக்காற்றுச் சிக்கல் பேசப்படாமலே போகலாம். உள்ளூர்க்காரரின் வலிமை இதுதான்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தால், உள்ளே புகுந்த நீர் இன்ஜினையே கெடுத்துவிடும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு செய்தியை மழைக்காலத்துக்கு முன்பே சொல்லி வைக்கும் மெக்கானிக், பலருக்குப் பெருஞ்செலவைத் தவிர்க்கிறார்.

தொழில் இரகசியம் போய்விடுமா?

செய்முறையைக் காட்டினால் வருமானம் போய்விடும் என்ற அச்சம் இயல்பானது. ஏசியின் வடிகட்டியைக் கழுவுவது போன்ற சிறு வேலைகளை வாடிக்கையாளர் தாமே செய்துகொள்வார் என்பது உண்மைதான். ஆனால் கேஸ் நிரப்புதல் போன்ற பெரிய வேலைகளுக்குக் கருவியும் பயிற்சியும் தேவை. அப்போது அவர் நினைவுக்கு வருவது, சிறு வேலைக்குக் காசு கேட்காமல் வழி சொன்னவரே.

எல்லாவற்றையும் காட்டிவிடவும் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் ஏசியின் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆர்-32 போன்ற கேஸ் தீப்பற்றும் தன்மை உடையது. இத்தகைய இடங்களில் "இதை நீங்களே செய்யாதீர்கள்" என்று காரணத்துடன் சொல்வதே சரியான தகவல்.

தயாரிக்கும் முறை

• கடந்த மாதம் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை எழுதி வைத்து, ஒரு காணொளிக்கு ஒரு கேள்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.
• கைப்பேசிக் கேமரா போதும். படத்தைவிட ஒலி தெளிவாக இருப்பது முக்கியம். காற்றும் வண்டிச் சத்தமும் இல்லாத இடம் நல்லது.
• விடையை முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு விளக்க வேண்டும்.
• தலைப்பில் மக்கள் தேடும் சொற்களும் ஊர்ப்பெயரும் இடம்பெற வேண்டும்.
• யூடியூபில் ஏற்றிய காணொளியின் இணைப்பை வாட்ஸ்அப் வழியே பழைய வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பலாம்.
• வாடிக்கையாளரின் வீடு, முகம், வண்டி எண் ஆகியவற்றை அனுமதியின்றிக் காட்டக்கூடாது. திரைப்படப் பாடலைப் பின்னணியில் சேர்த்தால் காப்புரிமைச் சிக்கல் எழும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்க வழி செய்கிறது. ஒரு நிறுவனத்திடம் பணம் பெற்று அதன் உதிரிப்பாகத்தைப் பரிந்துரைத்தால், அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும்.

பயனை அளத்தல்

பார்வை எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றியைக் கணிப்பது தவறு. ஒரு நாளைக்கு ஐந்து வீடுகளுக்கு மட்டுமே செல்லக்கூடிய மெக்கானிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரும் இலட்சம் பார்வைகளால் வேலை கிடைக்காது. உப்பளத்திலும் முதலியார்பேட்டையிலும் முந்நூறு பேர் பார்த்து, அவர்களில் பத்துப் பேர் அழைத்தால் அது பயன். புதிதாக அழைப்பவரிடம் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு நோட்டில் குறித்து வந்தாலே, எந்தக் காணொளி பயன் தந்தது என்பது சில மாதங்களில் விளங்கிவிடும். பலன் உடனே கிடைக்காது. சொன்னபடி வேலையும் இருந்தால்தான் காணொளி தந்த நம்பிக்கை நிலைக்கும்.